பதினாலாம் நம்பரின் கை

சகாயராஜ் பந்தைக் கூடையில் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அவன் ஆட்டம் அது இல்லை. ஆறடி ரெண்டு அங்குலம் உயரம், ஊறப்போட்ட ஆட்டுத்தோலைக் கட்டுக் கட்டாகத் தூக்கிய தோள். மோதுவது, மறைப்பது, இடிபடுவது, இதுதான் அவன் வேலை. பந்து போடுகிறவன் வேறே. அந்த ஆள் பேர் செழியன். திண்டுக்கல்லில் கூடைப்பந்து என்றால் இன்றைக்கும் செழியன் பேரைத்தான் சொல்வார்கள். அவன் பக்கத்தில் நின்றவன் பேரை நான் சொல்கிறேன். சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை, அதனால்.

எனக்குத் தொழில் ஆடு. வியாழக்கிழமை அய்யலூர் சந்தை, மற்ற நாளில் டவுனுக்குள் கறிக்கடைகளுக்கு உருப்படி கொடுப்பது. ஆறாம் வகுப்போடு வாத்தியார் என்னையும் நான் வாத்தியாரையும் விட்டுவிட்டோம். எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் கோணல் இல்லை.

சகாயராஜ் என் தங்கச்சி செபாஸ்தியம்மாளின் புருசன். எனக்கு மாப்பிள்ளை. ஆனால் அதற்கு முன்னாடியே அவனைத் தெரியும். ஒரே தெருதான். பத்தாம் வகுப்பில் தவறி, தோல் ஷாப்பில் வேலைக்குப் போனான். தோல் பதனிடும் இடத்தைத்தான் நாங்கள் ஷாப்பு என்போம். சாயங்காலம் ஷாப்பிலிருந்து வந்தால் தொட்டியடியில் ஒரு சோப்பு தேயத் தேயக் குளிப்பான். குளித்தாலும் அந்த வாடை போகாது. அப்படியே கோர்ட்டுக்குப் போவான்.

கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுத்த கண்ணுசாமி மாஸ்டர்தான் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர். உயரத்தைப் பார்த்துக் கூட்டிப்போனார். கையில் பந்தைக் கொடுத்தார். பந்து போர்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. "சரி, நீ பந்தைத் தொட வேணாம். ஆளைத் தொடு" என்றாராம். அதுதான் அவன் படித்த பாடம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செழியன் பந்தோடு ஓடி வருவான். அவனைத் தடுக்க எதிராளி ஒருத்தன் ஒட்டிக்கொண்டே வருவான். அந்த எதிராளி போகிற வழியில் சகாயராஜ் தூண் மாதிரி போய் நிற்பான். வந்தவன் இவன் நெஞ்சில் வந்து மோதுவான். அந்த ஒரு நொடியில் செழியன் தனியாள். துள்ளிப் போடுவான். கூட்டம் "செழியா!" என்று கத்தும். மோதுபட்ட நெஞ்சுக்கு யார் கத்துவார்கள்? அய்யலூரில் ரெண்டு கிடாய் முட்டினால்கூட ரெண்டையும் பார்ப்பார்கள். இங்கே அதுகூடக் கிடையாது.

கல்யாணமான புதிதில் செபாஸ்தி அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணே, அவுக நெஞ்செல்லாம் கருநீலமா இருக்குண்ணே. பந்து விளையாடப் போறேன்னுட்டு அடிதடிக்குப் போறாக போல. என்னையக் கொண்டுபோய் யாருக்குக் கட்டி வச்சீக?" அது விளையாட்டு என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. "விளையாண்டா சிரிச்சுக்கிட்டுல வரணும்?" என்றாள். கேள்வி நியாயம்தான்.

டீமில் அவன் பக்கத்தில் உட்கார மூஞ்சி சுளிக்கிறவர்களும் இருந்தார்கள். தோல் வாடை. அவன் வாய் வைத்துக் குடித்த தண்ணீர் பாட்டிலைக் கழுவிவிட்டுக் குடிப்பார்கள். செழியன் மட்டும் அப்படியே வாங்கிக் குடிப்பான். அதையும் சொல்லத்தான் வேண்டும். சகாயராஜ் கால் அளவுக்கு திண்டுக்கல்லில் ஷூ கிடைக்காது. கிழிந்த கான்வாஸுக்குள் சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டுக்கொண்டு ஆடினான். செழியன்தான் மதுரையில் அலைந்து ஒரு ஜோடி வாங்கி வந்து, "ஏலே மலைமாடு, உன் காலுக்கு யானைக் கடையிலதான் ஷூ கிடைக்கும் போல" என்று அவன் மடியில் எறிந்தான். செழியன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

தொண்ணூத்தஞ்சில் மாநில அளவில் கிளப்புகளுக்கான போட்டி எங்கள் ஊரில் நடந்தது. ஃபைனலில் நம்ம கிளப்பும் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் டீம் ஒன்றும். அந்த டீமில் ஒரு நெட்டைக்காரன். கையை உயர்த்தினால் ரிங்கைத் தொட்டுவிடுவான். அவனைப் பிடித்துக்கொள்வதுதான் சகாயராஜுக்குக் கொடுத்த வேலை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கதை முழுக்க அதில்தான் நிற்கிறது. எதிராளியின் கையில் அடித்தால், தள்ளினால், அது ஃபவுல். ஒருத்தனுக்கு ஐந்து ஃபவுல் ஆகிவிட்டால் வெளியே போக வேண்டியதுதான், திரும்ப உள்ளே வர முடியாது. ஃபவுல் என்று ரெஃப்ரி விசில் அடித்ததும், செய்தவன் தானாகக் கையைத் தூக்க வேண்டும். அன்றைக்கு அப்படித்தான் ஆடினார்கள். ரெஃப்ரி அவன் பனியன் நம்பரைப் பார்த்து, எழுதுகிறவர்கள் மேசைக்கு விரலால் காட்டுவார்.

எங்கள் சந்தையில் விலை பேசும்போது கை துண்டுக்குள்ளே இருக்கும். பிடித்த விரலுக்கும் பிடிபட்ட விரலுக்கும்தான் விலை தெரியும். இந்த ஆட்டத்தில் என்னடா என்றால், தப்புச் செய்தவன் ஊர் பார்க்கக் கையைத் தூக்குகிறான். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஒரு மரியாதையே வந்தது. பிறகு அந்த மரியாதைக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

ஃபைனல் அன்று நான் ரிங்குக்கு நேர் பின்னால், காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தேன். சேர் எல்லாம் பெரிய மனுசங்களுக்கு. ரெண்டாவது பாதி முடியப் போகிறது. நாம் ஒரே ஒரு பாயிண்ட் முன்னால். செழியனுக்கு நாலு ஃபவுல். சகாயராஜுக்கும் நாலு. நெட்டைக்காரன் பந்தை வாங்கி ரிங்குக்கு அடியில் எழும்பினான். சகாயராஜ் ரெண்டு கையையும் நேரே மேலே தூக்கிக்கொண்டு சுவர் மாதிரி நின்றான். தொடவே இல்லை. பின்னாலிருந்து ஓடி வந்த செழியன் ஆத்திரத்தில் ஓங்கி அடித்தான். நெட்டைக்காரன் முழங்கையில் பட்ட சத்தம் சுவர் மேல் இருந்த எனக்குக் கேட்டது. செழியன் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டியிருப்பான். அந்தச் சிவப்புதான் இறங்கியது. என் கண்ணுக்கு நேரே இறங்கியது.

விசில். ரெஃப்ரி மறுபக்கம் நின்றார். நடுவே நாலு முதுகு. அவருக்குச் சத்தம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

செழியன் முகம் செத்துவிட்டது. அவன் போனால் அப்புறம் பந்து போட ஆளில்லை. அவன் கை அசையவில்லை. அதற்குள் பக்கத்தில் இன்னொரு கை மேலே போனது. பதினாலாம் நம்பர். சகாயராஜ்.

"சார், ஏழாம் நம்பர் சார்! இவன் தொடவே இல்ல சார்!" என்று அடிவாங்கிய நெட்டைக்காரனே கத்தினான். ஏழு செழியனுடைய நம்பர். எதிராளி, அவனுக்கு இருந்த நியாயத்தைப் பாருங்கள். ரெஃப்ரி, "கைதான் தூக்கிட்டான்ல, போப்பா" என்று மேசைக்குப் பதினாலு என்று விரல் காட்டினார்.

ஐந்தாவது ஃபவுல். சகாயராஜ் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். நம்ம ஊர்க் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? "ஏலே ரவுடிப் பயலே! தோல் உரிக்கிறதுன்னு நெனச்சியாடா? கப்பக் கெடுத்துட்டியேடா பாவி!" என்று கத்தியது. யாரோ கடலைப் பொட்டலத்தை எறிந்தான். அது அவன் காதுக்குப் பக்கத்தில் பட்டு உடைந்தது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து, தலையிலிருந்த கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் சுவரிலிருந்து குதித்து, எறிந்தவன் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் விலக்கிவிட்டார்கள். அதற்குள் அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது.

நெட்டைக்காரனுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் போடுகிற பந்து, ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். ஒன்று போட்டான், ஒன்று தவறியது. சமம். கடைசியில் செழியன் பந்தை வாங்கி, ரெண்டு பேரை ஏமாற்றி, போர்டில் தட்டிப் போட்டான். மாநிலக் கப்பு திண்டுக்கல்லுக்கு வந்தது. அது உண்மையான ஆட்டம், நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்படியொரு பந்தை அவன் அதற்கப்புறம்கூடப் போட்டிருக்க மாட்டான்.

மேடையில் கடைசியாகக் கோர்ட்டில் நின்ற ஐந்து பேருக்கும் பொன்னாடை. பதினாலாம் நம்பர் நிற்கவில்லையே! ஆகவே பொன்னாடை இல்லை. மணிக்கூண்டு வரைக்கும் டெம்போவில் ஊர்வலம். செழியன் கப்போடு முன்னால் நிற்க, சகாயராஜ் பின்னால் தண்ணீர் டிரம் சாயாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜனங்கள் செழியனுக்குக் கை கொடுத்தார்கள், இவனைப் பார்த்து நாக்கைத் துருத்தினார்கள். இவனும் ஈ என்று இளித்துக்கொண்டு வந்தான்.

அன்று வீட்டு வாசலில் வைத்துக் கேட்டேன். "ஏன்டா கையத் தூக்குன? நீ தொடவே இல்ல, நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்களா?" என்று பதறிவிட்டான். "சொல்லிறாதீங்கண்ணே. அந்தப் பய போயிருந்தா நாம தோத்திருப்போம். நான் இருந்து என்ன பண்ண? பந்து போடவா போறேன்?"

செழியனுக்கு சிறந்த ஆட்டக்காரன் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பேரில் அரசாங்க வேலை, மெட்ராஸ், அப்புறம் ஆபீசர். இவனுக்கு ஃபைனலில் ஃபவுலுக்குப் போனவன் என்ற பேர். பத்து வருசம் அந்தப் பேர் அவனை விடவில்லை. டீக்கடையில் சேர் இடித்தாலும், "ஏலே, அஞ்சாவது ஃபவுலு" என்பார்கள். பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு அவன் ஆட்கள் வந்தபோது எங்கள் சித்தப்பா, "மேடையேற விடாம வெரட்டுன பயதான?" என்றார். நான் தலையிட்டுத்தான் கல்யாணம் நடந்தது. செபாஸ்திக்கும் அவனை ஏற்கெனவே பிடித்திருந்தது, அது வேறே கதை.

ரெண்டாயிரத்து ரெண்டில் ஷாப்பு மூடிவிட்டார்கள். சகாயராஜ் செம்பட்டிக்குப் போய்த் தேங்காய் லோடு ஏற்றினான். முதல் வருசம் தாக்குப்பிடித்தான். அப்புறம் வலது தோள் இறங்கிவிட்டது. சோற்றுத் தட்டைத் தூக்கினாலே முகம் கோணும். ஆனால் சாயங்காலமானால் கோர்ட்டுக்குப் போய்விடுவான். கோர்ட்டைக் கூட்டுவான், சுண்ணாம்புக் கோடு போடுவான், வருகிற பிள்ளைகளுக்கு எப்படி நிற்பது, எப்படி இடி வாங்குவது என்று சொல்லிக்கொடுப்பான். சம்பளம் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. கண்ணுசாமி மாஸ்டர் கண்ணை மூடுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், "எனக்கப்புறம் அந்தக் கோர்ட்டப் பாக்க சகாயந்தான்" என்று. மாஸ்டர் போனது ரெண்டாயிரத்து மூன்றில்.

ரெண்டாயிரத்து ஐந்தில் கப்பு வாங்கிப் பத்து வருசம். கோர்ட்டுக்குப் புதுசாகத் தளம் போட்டு, விழா வைத்தார்கள். கிளப் தலைவர் சோலைமலை, சைக்கிள் பாகங்கள் மொத்த வியாபாரி. கிளப்புக்கு மாதச் சம்பளத்தில் ஒரு கோச் போடப்போவதாகவும், விழா மேடையிலேயே பேரை அறிவிக்கப்போவதாகவும் சொன்னார். சகாயராஜுக்கு அதைவிட வேறே வழி கிடையாது. தோள் போய்விட்டது. மூட்டை தூக்க முடியாது. செய்யத் தெரிந்த இன்னொரு வேலை இதுதான், அதையும் சும்மாவே செய்துகொண்டிருக்கிறான்.

சோலைமலை கோர்ட்டுக்கே வந்து அவனிடம் சொன்னார். நான் கூட இருந்தேன்.

"சகாயம், எனக்கு ஒண்ணும் இல்லப்பா. ஆனா கோச்சுன்னா ஒரு மரியாதை வேணும்ல. ஃபைனல்ல ஃபவுலுக்குப் போனவன்கிட்ட எம்பிள்ளைய எப்படி விடுறதுன்னு பெத்தவங்க கேப்பாங்க. மதுரைல ஒரு பையன் டிப்ளமோ முடிச்சு ரெடியா இருக்கான். விழா அன்னைக்கு செழியன் வாரான்ல, அவன் மேடையில உன்னையப் பத்தி ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லட்டும். அப்பவே உம்பேர அறிவிச்சுர்றேன்."

"சரிங்கண்ணே" என்றான் இவன். சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைக்கக்கூட இல்லை.

விழா அன்று காலை, சகாயராஜுக்குத் தெரியாமல், செழியன் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். உடம்பு பெருத்திருந்தான். கையில் தங்க வாட்ச். இலையில் இட்லி.

"வாங்க ஆட்டுக்கார அண்ணே! இன்னும் அய்யலூர்தானா?"

"அய்யலூர்தான். ஆடு இன்னும் ஆடாத்தான் இருக்கு. நீதான் ஆளே மாறிட்ட."

சிரித்தான். "சாப்டுங்கண்ணே."

"சாப்ட வரல. சாயங்காலம் சகாயத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். கோச் வேலை அதுலதான் இருக்கு."

"சொல்லாமயா? அவன் எம்புட்டு நாள் கூட்டாளி."

"அந்த ஃபவுலப் பத்தியும் சொல்லணும்."

இட்லியைப் பிட்ட கை நின்றது. "எந்த ஃபவுலுண்ணே?"

"சிவப்புப் பட்டை கட்டியிருந்த கை அடிச்ச ஃபவுலு. நான் சுவத்து மேல இருந்தேன்."

பிட்ட துண்டை இலையிலேயே போட்டான். அப்புறம், "பாத்துக்கலாம்ண்ணே" என்றான்.

சந்தையில் 'பார்த்துக்கலாம்' என்கிறவன் ஆடு வாங்க மாட்டான். முப்பது வருசமாக அதைப் பார்க்கிறேன். அன்றைக்கு மட்டும் எப்படியோ நம்பிவிட்டேன்.

சாயங்காலம் கூட்டம் சரியான கூட்டம். பழைய டீம் ஆட்களுக்கெல்லாம் முன் வரிசையில் நாற்காலி. சகாயராஜும் டீம்தானே, அவன் எங்கே? பந்தலுக்கு ஓரத்தில், வருகிறவர்களுக்கு டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். "ஆள் வரலேன்னாங்க மச்சான், செத்த நேரம் பாத்துக்கிறேன்" என்றான். பத்து வருசத்துக்கு முன்னாடி பிடித்த டிரம்மை இன்னும் விடவில்லை! பெண்கள் பக்கத்தில் செபாஸ்தி பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். புருசன் பேரைச் சொல்லப்போகிறார்கள் என்று கட்டியது.

செழியன் மைக்கைப் பிடித்தான். மாஸ்டரைப் பற்றிச் சொன்னான், எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். ஃபைனலைப் பற்றி ஆரம்பித்தான்.

"கடைசி நேரம். ஒரு பாயிண்ட்தான் முன்னாடி இருக்கோம். அப்ப பாத்து நம்ம சகாயம் கொஞ்சம் அவசரப்பட்டுட்டான். பாசக்காரப் பய, ஆனா அவசரம். ஃபவுல். வெளிய போயிட்டான். நான் நெனச்சேன், செழியா, இனி நீதான்டா..."

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. சோலைமலை, பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். இன்னொரு முறை சொல்லத் தேவையில்லை, சகாயராஜுக்கு வேலை போயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டிருந்தால்கூட நான் வாயை மூடியிருப்பேனோ என்னவோ. எடுத்து அவன் தலையிலேயே வைத்தானே, அதுதான் பொறுக்கவில்லை.

எழுந்து நின்றேன். "ஏலே செழியா! அந்த ஃபவுலு யாருதுடா?"

மைக் கீச்சென்றது.

"யாருப்பா அது? உக்காருங்க, உக்காருங்க" என்றார் சோலைமலை.

"ஆட்டுக்காரரு தண்ணியப் போட்டுட்டு வந்துட்டாரு" என்று ஒருத்தன் பின்னாலிருந்து சொன்னான். சிரித்தார்கள்.

"தண்ணி போட்டவன் எவன்னு அப்புறம் ஊதிப் பாக்கலாம்டா. இப்ப இவன் சொல்லட்டும். ஏழாம் நம்பர் கையா, பதினாலாம் நம்பர் கையா? அடிச்சவன் கையத் தூக்கணும்ல? அதான ஆட்டம்? தூக்கச் சொல்லுங்க!"

கூட்டம் அடங்கிவிட்டது. செழியன் என்னைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்தான். உதடு ஒரு தடவை பிரிந்தது. சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஒரு கீர்த்தனை பாடி முடிக்கிற நேரம் போல இருந்தது அது.

பந்தல் ஓரத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், ஒரு கை மேலே போனது. வலது கை. தோள் இறங்கிய கை. பாதிக்கு மேல் ஏறவில்லை. இடது கையால் முழங்கையைத் தாங்கித் தூக்கிப் பிடித்திருந்தான்.

"என்னோட ஃபவுலுதான்" என்றான் சகாயராஜ். "மச்சான், உக்காருங்க. நீ பேசு செழியா."

சிரிப்பு. கைதட்டல்கூட வந்தது. என்ன மூதேவிகளோ, எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரிந்தா தட்டினார்கள்? செழியன் தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சத்தைப் பேசி முடித்தான். சோலைமலை எழுந்து, மதுரைப் பையன் பேரை அறிவித்தார். அந்தப் பையன் வந்து எல்லோரையும் கும்பிட்டான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்ததும் என் மாப்பிள்ளைதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் அவனை வாயில் வந்தபடி திட்டினேன். செபாஸ்தி எங்களுக்குப் பின்னால் வந்தாள். புடவை சரசரக்கிற சத்தம் மட்டும்.

"அறிவிருக்காடா உனக்கு? அன்னைக்குத்தான் தூக்குன, கப்புக்குன்னு. இன்னைக்கு எதுக்குடா? உம்பொழப்பு, உம்பொண்டாட்டி முகத்தப் பாத்தியாடா?"

"இன்னைக்கும் கப்புக்குத்தான் மச்சான்."

"என்ன கப்பு?"

"அந்த ஃபவுலு செழியனுதுன்னா அவன் அப்பவே வெளிய போயிருக்கணும். போயிருந்தா கடைசிப் பந்து கிடையாது. அப்ப கப்பு யாருது? அந்த நெட்டைக்காரனுது. பொய் சொல்லி வாங்குன கப்புன்னு ஆயிரும்ல? பன்னெண்டு பேர் ஆடியிருக்கோம். மாஸ்டர் செத்தப்ப அந்தக் கப்பத்தான அவரு கால்மாட்டுல வச்சுக் கொண்டுபோனோம்? இப்ப போய் அது திருட்டுக் கப்புன்னு சொல்லவா?"

நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதால் அல்ல. அவன் தூக்கிய கை ஒரு பொய் என்று அவனுக்கே இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. நெட்டைக்காரனுக்குச் செய்தது அநியாயம் என்று தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்யையும் அவனேதான் சுமக்கிறான். மற்ற பதினோரு பேரும் சுத்தமான கப்பை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

"அப்ப நீ செத்தா உங்கால்மாட்டுல என்னடா வைக்கிறது?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம். பொட்டியில வைக்கிறப்ப போட்டு விடுற ஷூவக் கழட்டி விட்ருங்க. புதுசுன்னா கடிக்கும்" என்றான் அந்தப் பாவி. செபாஸ்தி பின்னாலிருந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் காலை செழியன் வீட்டுக்கு வந்தான். சகாயராஜ் செம்பட்டிக்கு வேலை கேட்டுப் போயிருந்தான், தேங்காய்க் கிட்டங்கியில் வாட்ச்மேன் வேலை காலி என்று சொன்னார்கள். நான்தான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. செபாஸ்தி நாற்காலி போட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"தங்கச்சி, நான் சோலைமலை அண்ணன்கிட்ட தனியாப் பேசுறேன். உதவி கோச் மாதிரி ஏதாவது..." என்று இழுத்தான். என்னைப் பார்த்து, "அண்ணே, நேத்து நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன் கையத் தூக்கிட்டான். அப்புறம் நான் என்னன்னு சொல்ல?" என்றான்.

நான் எழுந்துவிட்டேன். அடித்திருப்பேன். செபாஸ்தி என்னை முந்திக்கொண்டாள். சத்தம் போடவில்லை. காப்பி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அவுகளுக்குத் தோளு போயிருச்சுண்ணே. கை ஏற செத்த நேரம் ஆச்சு. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அம்புட்டு நேரமும் உங்க கை ரெண்டும் என்ன பண்ணுச்சு?"

"மைக்கப் பிடிச்சிருந்துச்சு" என்றேன் நான்.

செழியன் காப்பியைத் தொடவில்லை. எழுந்து, கும்பிடப்போனவன் பாதியில் கையை இறக்கிக்கொண்டு போய்விட்டான். சோலைமலையிடம் பேசினானா என்று இன்றுவரை தெரியாது. யாரும் கூப்பிடவில்லை. காப்பியை செபாஸ்தி வாசலில் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினாள்.

சகாயராஜுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ராத்திரி வேலை. ஆகவே சாயங்காலம் கோர்ட்டுக்குப் போக நேரம் இருக்கிறது, அதில் அவனுக்கு ஒரே சந்தோசம். மதுரைப் பையன் விசிலோடு நடுவில் நிற்பான், இவன் ஓரத்தில் சுண்ணாம்பு டப்பாவோடு நிற்பான். "போகாதடா, மானம் ரோசம் இல்லையா?" என்று கேட்டால், "கோடு அழிஞ்சா ஆட முடியாதுல்ல மச்சான்" என்கிறான். இவனிடம் என்ன பேச முடியும்?

அந்த நெட்டைக்காரன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அவன் கண்ணில் இது பட்டால், அவன் அன்றைக்குக் கத்தியது சரிதான். ஏழாம் நம்பர்தான். கப்பு அவனுக்குச் சேர வேண்டியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. பதினாலாம் நம்பர் அவனைத் தொடவில்லை, அதை மட்டும் நான் என் கண்ணால் பார்த்தேன்.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் சகாயராஜ் பயந்துபோய், "எழுதுனீங்கன்னா இனிமே உங்ககிட்டப் பேசவே மாட்டேன்" என்றான். பேசாமல் போகட்டும். வியாழக்கிழமை சந்தை முடிந்து கறியோடு போனால் கதவைத் திறக்காமலா இருப்பான்? மாப்பிள்ளையின் கப்பைக் கெடுத்துவிட்டான் ஆட்டுக்காரன் என்று ஊரில் யாராவது விசில் ஊதினால் ஊதட்டும். இந்த ஃபவுலுக்கு அவன் கையைத் தூக்க வேண்டியதில்லை. இது என்னுடையது.